கடைவாய்ப் பல்லில் தொடங்கி ஐ.சி.யூ. வரை: கொரோனா காலத்தில் முகவீக்கத்துக்கு என்ன ஆனது?

2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை கோவையில் முழு ஊரடங்கு. சேலத்திலும் திருப்பூரிலும் 28 வரை. மளிகைக் கடையே திறக்காத அந்த நாட்களிலும் ஆஸ்பத்திரிக்கும் மருந்துக் கடைக்கும் விலக்கு இருந்தது. அறிவிப்பை மட்டும் வாசித்தால், பல்வலியோடு கன்னம் வீங்கிய ஒருவர் சிகிச்சைக்குப் போக எந்தத் தடையும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் அவர் போய்ச் சேர வேண்டிய இடம் மூடிக் கிடந்தது. பல் கிளினிக்குகளில் பெரும்பாலானவை மார்ச் கடைசி வாரமே ஷட்டரை இறக்கியிருந்தன.

அதன் விளைவு சில வாரங்கள் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரிகளில் தெரிந்தது. முகம், தாடை, கழுத்துத் தொற்றோடு வருகிறவர்கள் குறைந்தார்கள். வந்தவர்கள் மோசமான நிலையில் வந்தார்கள். அந்த வருஷத்தைப் பற்றிப் பல நாடுகளின் முகத்தாடை அறுவைப் பிரிவுகள் எழுதியதில் திரும்பத் திரும்பக் காணக் கிடைப்பது இதுதான். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடக்கவில்லை, சில இடங்களில் எண்ணிக்கையே கூடியது. ஆனாலும் முற்றவிட்டு வந்தவர்கள் அதிகம் என்பதே பொதுப்போக்கு.

கிளினிக்குகள் மூடியதற்குக் காரணம் ஏரோட்டர். பல்லைக் குடையும் அந்தக் கருவி நிமிஷத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். பல் சூடேறாமல் இருக்கத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் எச்சிலோடு கலந்து கண்ணுக்குத் தெரியாத துளிகளாக அறை முழுக்கப் பரவும். டாக்டரின் முகமோ நோயாளியின் வாயிலிருந்து ஒரு முழத்தில் இருக்கும். மூச்சுக்காற்றில் பரவும் கிருமிக்கு இதைவிடத் தோதான இடம் ஏது? 2020 மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டியில், தொற்றுக்காக அடைக்கப்பட்ட பகுதிகளில் பல் கிளினிக் திறக்கக் கூடாது, தொற்று அதிகமுள்ள சிவப்பு மண்டலங்களில் அவசர சிகிச்சை மட்டும் என்று இருந்தது. ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனமும், தொற்று சமூகத்தில் பரவிக்கொண்டிருக்கும் இடங்களில் அவசரமில்லாத பல் சிகிச்சைகளைத் தள்ளிப்போடச் சொன்னது.

இதில் ஒரு விஷயம் கவனிக்கப்படாமல் போயிற்று. முகத்தொற்றை முளையிலேயே நிறுத்தும் சிகிச்சைக்கு ஏரோட்டரே வேண்டியதில்லை. சாதாரணமாக ஒரு பல்லைப் பிடுங்க மரத்துப்போகும் ஊசியும் இடுக்கியும் போதும். ஈறில் திரண்ட சீழை வெளியேற்றச் சின்னக் கத்தி போதும். எலும்புக்குள் புதைந்து கிடக்கும் ஞானப்பல் போன்றவற்றுக்குத்தான் மிஷின் தேவை. பயந்தது மிஷினுக்கு, பூட்டியது மொத்தக் கதவையும். கவச உடையும் என்-95 முகக்கவசமும் கண்ணில் படாத அந்த முதல் வாரங்களுக்காக டாக்டர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பொருள் கிடைக்க ஆரம்பித்த பிறகும் "பல் சிகிச்சை என்றாலே ஆபத்து" என்ற ஒற்றைப் பட்டியலில் எல்லாவற்றையும் வைத்திருந்தோம். பின்னால் வந்த தொல்லைகளில் பெரும்பகுதிக்கு வேர் இங்கேதான் என்பது என் கணிப்பு.

ஒரு பல், ஐ.சி.யூ. வரை ஆளைக் கொண்டுபோகுமா என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. சொத்தை ஒரு பல்லைத் தின்று முடிக்க மாதக்கணக்கில் ஆகும். பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்து, வேர்நுனியில் சீழ் கட்டிய பிறகுதான் அவசரம் ஆரம்பிக்கிறது. சீழ் எந்தப் பக்கம் போகும் என்பதைப் பல்லின் இருப்பிடம் தீர்மானிக்கும். மேல்வரிசைக் கோரைப்பல் என்றால் கண்ணுக்குக் கீழே வீங்கி இமை மூடிக்கொள்ளும். அங்குள்ள ரத்தக் குழாய்களுக்குக் கண்குழி வழியாக மூளைக்கு அடிவரை தொடர்பு உண்டு. கீழ்வரிசையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் கதை வேறு. அவற்றின் வேர்நுனி, நாக்கைத் தாங்கும் அடித்தசைக்கும் கீழே இறங்கியிருக்கும். சீழ் எலும்பின் உட்பக்கத்தை உடைத்துக்கொண்டு வந்தால் வாய்க்குள் வடியாது, நேரே தாடைக்கு அடியில் கழுத்தில் இறங்கும்.

அது இரண்டு பக்கமும், நாக்குக்கு அடியிலும், முகவாய்க்குக் கீழும் ஒருசேரப் பரவினால் லுட்விக் ஆஞ்சைனா. 1836-ல் இதை விவரித்த ஜெர்மன் டாக்டர் வில்ஹெல்ம் ஃபிரெட்ரிக் ஃபான் லுட்விக் பெயரால் வழங்குகிறது. கழுத்து பலகைபோல இறுகிவிடும், விரலால் அழுத்தினால் குழி விழாது. நாக்கு மேலேயும் பின்னேயும் தள்ளப்பட்டு, எச்சில் முழுங்க முடியாமல் கடைவாயில் வழியும். படுத்தால் மூச்சு முட்டுவதால் ஆள் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருப்பார். ஆன்டிபயாடிக் வருவதற்கு முந்தைய காலத்தில் இது வந்தவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள். இன்று நேரத்தோடு வந்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். நேரம் என்பது இங்கே மணிக்கணக்கு.

சரி, சோமனூர் பக்கம் தறி ஓட்டும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். ஐம்பதை ஒட்டிய வயது, சர்க்கரை உண்டு. வழக்கமான வருஷம் என்றால் பல்வலிக்கு முதலில் கிராம்பு, அப்புறம் உப்புத் தண்ணி, அதில் அடங்காவிட்டால் மருந்துக் கடை, அதிலும் கேட்காவிட்டால் சோமனூரிலோ கருமத்தம்பட்டியிலோ பல் டாக்டர். 2020 ஏப்ரலில் மருந்துக் கடையோடு வழி முடிந்துவிட்டது. "ஏனுங்க, பல்லு வீங்கிப் போச்சுங்க, ஏதாச்சும் மாத்திரை குடுங்க" என்று கேட்கிறார். வலி மாத்திரையும் மூன்று நாளைக்கு அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கும் கிடைக்கின்றன. வலி தணிகிறது. வினையே அதுதான். கட்டி நிற்கும் சீழுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. மாத்திரை அங்கே போதிய அளவுக்குப் போய்ச் சேராது. காரணமான வேர் அப்படியே இருக்கிறது. வலி மாத்திரை வலியையும் காய்ச்சலையும் மறைத்துவைக்க, தொற்று உள்ளே நகர்கிறது. வீட்டில் பெரியவர்கள் யாராவது சூடாக ஒத்தடம் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். கன்னத்துக்கு வெளியே கொடுக்கும் சூடு சீழைத் தோல் பக்கம் இழுக்கும் என்பதால் பல் டாக்டர்கள் அதை வேண்டாம் என்பார்கள். கேட்க அப்போது டாக்டர் இல்லை.

சர்க்கரை இதில் தனிக் கணக்கு. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் மந்தமாகும். தொற்று முற்றினால் சர்க்கரை மேலும் ஏறும். ஒன்றை ஒன்று தள்ளிவிட்டுக்கொண்டே போகும். நடைப்பயிற்சி நின்று, மாதாந்திரப் பரிசோதனை நின்று, மாத்திரை வாங்கப் போவதே பாடாக இருந்த மாதங்கள் அவை.

மாத்திரையை மட்டும் நம்பியது நம்மூர் மட்டும் அல்ல. இங்கிலாந்தில் 2020 மார்ச் 25 முதல் ஜூன் 8 வரை வழக்கமான பல் சிகிச்சை முழுக்க நின்றது. போனில் ஆலோசனை, வலி மாத்திரை, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக் என்பதே அங்கு பல் டாக்டர்களுக்குச் சொல்லப்பட்ட வழி. அந்த ஏப்ரல் முதல் ஜூலை வரை பல் டாக்டர்கள் எழுதிய ஆன்டிபயாடிக் சீட்டுகள் முந்தைய வருஷத்தைவிடச் சுமார் 25 சதவீதம் கூடின. அங்கே சீட்டு இருந்தது, எண்ண முடிந்தது. சீட்டே இல்லாமல் மாத்திரை கிடைக்கும் இடத்தில் யார் எண்ணுவது?

முற்றிய பிறகு போவதற்கும் வண்டி வேண்டும். பஸ் இல்லை, மாவட்டம் தாண்ட இ-பாஸ். ஜூன் 1-ல் பஸ் விட்டபோது மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்து, கோவை, நீலகிரி, ஈரோடு, திருப்பூர், கரூர், சேலம், நாமக்கல் ஏழையும் முதல் மண்டலம் ஆக்கினார்கள். மருத்துவத்தைப் பொறுத்தவரை இது நல்ல பிரிப்பு. தாராபுரத்துக்காரரும் கூடலூர்க்காரரும் கடைசியில் கோவைக்குத்தான் வந்தாக வேண்டும். ஜூலையில் பஸ் மறுபடி நின்றது. செப்டம்பர் முதல் வாரத்தில்தான் மாவட்டம் விட்டு மாவட்டம் ஓடியது.

வந்து சேரும் இடமும் மாறியிருந்தது. கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் கொரோனாவுக்கே ஒதுக்கப்பட்டன. மில் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருந்தும், அந்த அட்டைக்குரிய ஆஸ்பத்திரி வாசல் வேறு நோய்க்கானது. திருப்பூரிலும் நாமக்கல்லிலும் ஊட்டியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தது 2022 ஜனவரியில்தான். அரசுப் பல் மருத்துவக் கல்லூரி கொங்கு மாவட்டங்களில் ஒன்றுகூட இல்லை. குமாரபாளையம், திருச்செங்கோடு, சேலம், சூலூர், கோவை என்று தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. குறைந்த செலவில் பல் பிடுங்கிக்கொள்ள அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அங்கேதான் போவார்கள். மாணவர்களை வீட்டுக்கு அனுப்பியதும் அந்த வழியும் சுருங்கியது. பல இடங்களில் பல் டாக்டர்களைச் சளி மாதிரி எடுக்கும் வேலைக்குப் போட்டார்கள்.

முகக்கவசத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கக் கன்னம் வீங்கினால் ஊரே கேட்கும், "என்னாச்சுங்க?" என்று. கேள்வி தாங்காமலே ஆள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். வீக்கத்தை மறைக்க ஒரு துணி கிடைத்ததும் அந்த நச்சரிப்பு நின்றுபோனது.

ஆஸ்பத்திரி வாசலில் நடந்ததுதான் இதில் சிக்கலான பகுதி. நம் தறிக்காரருக்குக் காய்ச்சல் இருக்கிறது, முழுங்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது. 2020-ல் இந்த மூன்றையும் சொன்னால் எந்த வரிசையில் நிற்க வைப்பார்கள்? காய்ச்சல் வார்டு. முகக்கவசத்தைக் கழற்றிக் கழுத்தைத் தொட்டுப் பார்க்க ஒருவர் தேவை. தொடுவதற்குத்தான் எல்லோரும் தயங்கினார்கள். பரிசோதனைக்குத் தொண்டையில் மாதிரி எடுக்கலாம் என்றால் வாய் ஒரு விரல்கூடத் திறக்காது. மூக்கில்தான் எடுக்க வேண்டும். முடிவு வர ஒரு நாள் ஆகும், சில சமயம் அதற்கு மேலும். காத்திருக்கலாம், இந்த வீக்கம் மட்டும் காத்திருக்காது. அதனால் நல்ல டீம்கள் செய்தது, முடிவைப் பார்க்காமல், தொற்று இருப்பதாகவே வைத்துக்கொண்டு தியேட்டருக்குக் கொண்டுபோனது.

தியேட்டரில் முதல் பிரச்சினை அறுவை அல்ல, மூச்சுக்குழாய். வாய் திறக்காத, கழுத்து வளையாத, நாக்கு தொண்டையை அடைக்கும் ஒருவருக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டுக் குழாய் போட முயன்றால், தவறினால் திரும்ப வழி கிடையாது. அதனால் ஆள் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் கேமரா உள்ள மெல்லிய குழாயை விட்டுப் பாதை தேடுவார்கள். மரத்துப்போகத் தொண்டையில் மருந்து தெளிப்பார்கள். அப்போது இருமல் வரும். அதுவும் முடியாவிட்டால் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயை நேரடியாகத் திறக்க வேண்டும். அதிலும் இருமலும் ரத்தமும் தெறிக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் அதிக ஆபத்து என்று பட்டியலிட்ட செயல்களில் முதல் வரிசையில் இவை இரண்டும் இருந்தன. மயக்க மருத்துவர் கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு, கண்ணாடி பனித்துப்போய், சத்தம் சரியாகக் கேட்காத நிலையில் இதைச் செய்ய வேண்டும். மூச்சு முட்டிப் பதறும் நோயாளியைத் தோளில் தட்டி "ஒண்ணுமில்லைங்க, மூக்கு வழியா மெல்ல மூச்சு விடுங்க" என்று நிதானப்படுத்துவது இந்தச் சிகிச்சையில் பாதி. முகமே தெரியாத ஆள் அதை எப்படிச் செய்வது?

குழாய் போட்டபின் வேலை விறுவிறுவென்று நடக்கும். தாடை விளிம்புக்கு இரண்டு விரல் கீழே கீறுவார்கள். மேலே கீறினால் உதட்டோரத்தை அசைக்கும் நரம்பு போய்விடும். கத்தி தோலோடு சரி. அதற்கு மேல் மழுங்கிய முனையுள்ள ஃபோர்செப்ஸை மூடியபடி உள்ளே விட்டு, விரித்தபடி வெளியே எடுப்பார்கள். சீழ் வந்தால் நாற்றம் அறையை நிறைக்கும். லுட்விக்கில் பல நேரம் சீழே வராது, கலங்கிய நீர்தான் வடியும். இறுக்கம் தளர்ந்ததே லாபம். வடிய ரப்பர் பட்டையை வைத்துத் தைத்துவிட்டு, இத்தனைக்கும் காரணமான பல்லை அங்கேயே பிடுங்குவார்கள்.

அடுத்தது படுக்கை. வீக்கம் வடியும்வரை மூச்சுக்குழாயை எடுக்க முடியாது. ஆளுக்கு நுரையீரல் நன்றாகவே இருக்கும், ஆனாலும் ஐ.சி.யூ. படுக்கையும் வென்டிலேட்டரும் வேண்டும். கொரோனா நோயாளிக்கும் அதேதான் வேண்டும். ஏப்ரல் முதல் வாரம் ஒரு பல்லைப் பிடுங்கியிருந்தால் மிச்சமாகியிருக்கக்கூடிய படுக்கை அது.

அதே காலத்தில் முகத்தாடை வார்டில் மற்றொரு கூட்டம் காணாமல் போனது. அவிநாசி ரோட்டிலும் சேலம் நெடுஞ்சாலையிலும் டூவீலரில் விழுந்து தாடை உடைந்து வருகிறவர்கள்தான் அந்த வார்டின் வாடிக்கை. சாலை காலியானதும் எலும்பு முறிவு குறைந்தது. தொற்றுதான் மிஞ்சியது.

முதல் அலையின் பாடம் இதோடு முடிந்திருந்தால் சமாளித்திருக்கலாம். 2021 மே கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையை முந்தியது. ஜூன் 7-ல் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு கூடியபோது, பரவல் அடங்காத 11 மாவட்டங்களுக்குக் கட்டுப்பாடுகள் நீடித்தன. கொங்கின் ஏழு மாவட்டங்களும் அதில் இருந்தன. பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் கட்டிய கோவைக்குக் கொள்ளைநோய் புதிதல்ல. ஆனால் கொள்ளைநோயிலிருந்து தப்பி வீடு திரும்பியவரை முகத்தில் வேறொரு நோய் பிடிப்பது புதிது. கருப்புப் பூஞ்சை. தமிழக அரசு மே 20-ல் அதை அறிவிக்கப்பட வேண்டிய நோய் ஆக்கியது.

இந்தப் பூஞ்சை மண்ணிலும் காற்றிலும் எப்போதும் இருப்பது. நல்ல உடம்பை ஒன்றும் செய்யாது. சர்க்கரை தறிகெட்டு ஏறி, ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கிய உடம்பில்தான் மூக்கு வழியாகக் குடியேறி, ரத்தக் குழாய்களை அடைத்து, மேல்தாடை எலும்பைச் சாகடிக்கும். ஆக்சிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளிக்கு நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, 10 நாள் வரை என்பது 2020 ஜூனில் வந்த பிரிட்டன் ஆய்வின் அளவு. லேசான காய்ச்சலுக்கும், அளவு மீறியும், நாள் கடந்தும் அது கொடுக்கப்பட்டது. 2021 ஜூன் 28 அன்று மத்திய அரசு சொன்ன கணக்கில் நாடு முழுக்கக் கருப்புப் பூஞ்சை வந்தவர்கள் 40,845 பேர். அவர்களில் 31,344 பேருக்குப் பூஞ்சை மூக்கு, முகம், மூளைப் பகுதியில். ஏறத்தாழ 64 சதவீதம் பேருக்குச் சர்க்கரை, 53 சதவீதம் பேர் ஸ்டீராய்டு எடுத்தவர்கள்.

பல் டாக்டர் நாற்காலிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. நோய் பலருக்கு மேல்தாடைப் பல்வலியாகவே தொடங்கியது. ஒரு பல் ஆடினால் ஈறு நோய் எனலாம். சொத்தையே இல்லாத மூன்று நான்கு பற்கள் வரிசையாக ஆடி, கன்னம் மரத்து, அண்ணத்தில் கருப்புத் திட்டு தெரிந்தால் அது வேறு. கிளினிக் திறந்திருந்த இடங்களில் இதை முதலில் பிடித்தது பல் டாக்டர்தான். மூடியிருந்த இடங்களில் அதே மருந்துக் கடை, அதே வலி மாத்திரை.

சிகிச்சையின் பாரத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். பூஞ்சையைக் கொல்லும் மருந்து லைப்போசோமல் ஆம்போடெரிசின் பி, உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் தினமும். 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 300 மில்லிகிராம். ஒரு குப்பியில் 50. அப்படியானால் தினம் 6 குப்பி, வாரக்கணக்கில். நாடு முழுக்கத் தட்டுப்பாடு வந்து மத்திய அரசு மாநிலங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்ததில் வியப்பில்லை. மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் ஓயாமல் பார்க்க வேண்டும். மருந்து மட்டும் போதாது. செத்த எலும்பை வெட்டி எடுத்தாக வேண்டும், ஒரே தடவையில் முடியாமல் மறுபடியும். இதற்கு வேண்டியது முகத்தாடை அறுவை மருத்துவர், காது-மூக்கு-தொண்டை மருத்துவர், கண் மருத்துவர், மயக்க மருத்துவர், அதே தியேட்டர். கடைவாய்ப் பல் சீழோடு வருகிறவருக்கும் இதே ஆட்கள்தான்.

மேல்தாடை போனவருக்கு அண்ணத்தில் ஓட்டை. தண்ணீர் குடித்தால் மூக்கில் வரும், பேச்சு மூக்கால் போகும். அந்த ஓட்டையை அடைக்க அண்ணத்தகடு செய்து தருவது பல் மருத்துவத்தின் வேலை; காயம் ஆறி வடிவம் மாற மாற அதை மாற்றிச் செய்ய வேண்டும். பெருந்தொற்று அவசரநிலை முடிந்ததாக அறிவித்த பிறகும் நீண்ட வேலை இது. காப்பீட்டு அட்டையோடு பஸ் ஏறி வந்துபோகும் செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

போன் ஆலோசனையைப் பலர் பெரிய தீர்வாகச் சொன்னார்கள். 2020 மார்ச் 25-லேயே அதற்கு மத்திய அரசு விதிமுறை வந்தது உண்மை. வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் வீக்கம் தெரியும், இறுக்கம் தெரியாது. யார் உடனே வர வேண்டும் என்று பிரிக்க அது உதவும், சீழை எடுக்க உதவாது.

இன்னொரு பெருந்தொற்று வந்தால் என்ன செய்யலாம் என்று கேட்டால், புதிய கட்டடம் எதையும் கேட்க மாட்டேன். தாலுகா அரசு மருத்துவமனைகளில் பல் டாக்டர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களைச் சளி மாதிரி எடுக்க அனுப்பாமல், தாலுகாவுக்கு ஒரு நாற்காலியையாவது, ஜன்னல் திறந்த அறையில், பல் பிடுங்கவும் சீழ் கீறவும் மட்டும் ஓட விட வேண்டும். ஏரோட்டரை எடுத்து அலமாரியில் வைத்துவிடலாம். மருந்துக் கடைக்காரருக்கு மூன்று கேள்விகள் போதும்: வாய் மூன்று விரல் அளவுக்குத் திறக்கிறதா, எச்சில் முழுங்க முடிகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா. முதலிரண்டில் ஒன்றுக்கு "இல்லை" என்றாலோ, மூன்றாவதுக்கு "ஆமாங்க" என்றாலோ, மாத்திரை கொடுக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.